மூன்று நிமிடம் பத்து விநாடிக்கு மேல்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஜனங்களை ஏழாம் மாடிக்கு முப்பது விநாடியில் கொண்டு சேர்ப்பது அவர் தொழில். ஒரு லிஃப்ட் நாலு விநாடி தாமதமாக வந்தால்கூட அவருக்குப் பொறுக்காது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி, அது ஏன் என்று கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிட வருவார். அப்பேர்ப்பட்ட மனிதர் கையில் கிட்டாரைக் கொடுத்தால் நாலு நிமிடத்துக்கு யாரையும் எங்கும் கொண்டு சேர்க்க மாட்டார்.

நாலு பேர் சேர்ந்த ராக் இசைக்குழு அவர்களுடையது. ஆரம்பித்தபோது நாலு பேருக்கும் தோள் வரைக்கும் முடி. இப்போது நாலு பேர் முடியையும் சேர்த்தால் ஒரு தலைக்குக் காணும். பாடுகிறவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். டிரம்ஸ் அடிப்பவருக்குப் பெயிண்ட் கடை. பேஸ் கிட்டார் வாசிப்பவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பிலேயே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டாரோ என்னவோ, வெளியே வாயைத் திறப்பதில்லை. மௌனசாமி என்று பெயர் வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் பெயரே லிஃப்ட் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில் ஒத்திகை. சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள். 'ஒலி எழுப்பாதே' என்ற பலகைக்கு நேர் கீழேதான் டிரம்ஸ்.

அவர்களுடைய பெரிய பாட்டு 'எட்டாம் மாடி'. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கேசட்டில் வந்தது. மொத்தம் ஏழரை நிமிடம். முதல் மூன்று நிமிடம் பத்து விநாடி பாட்டு. அதற்கப்புறம் பாடுகிறவர் வாயை மூடிக்கொள்ள, என் வீட்டுக்காரர் கிட்டார் மட்டும் தனியாகப் பேசும். சோலோ என்பார்கள். நாலு நிமிடம். கடைசி இருபது விநாடி பாடுகிறவர் வந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்.

மேடையில் இந்த நாலு நிமிடத்துக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பாடுகிறவர் மேடையைவிட்டு இறங்கி முகம் கழுவிக்கொண்டு வருவார். மௌனசாமி இரண்டே இரண்டு சுரங்களைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். தூங்கினாரா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். ஆட்களைப் பார்த்தால் விரல் தடுமாறும் என்பார். எட்டாவது மாடி உயரத்தில், லிஃப்ட் குழிக்குள் ஒற்றைக் கம்பியில் தொங்குகிற ஆளுக்கு ஆட்களைப் பார்த்தால் பயம்.

முதுகைக் காட்டியதால் அவர் பார்க்காததையெல்லாம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்தேன். தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவள் நான். வரிசையில் நிற்கிற மனுஷனுக்குப் பொறுமை போவது எனக்கு அவனுக்கு முன்னால் தெரியும். முதலில் கால் மாற்றி நிற்பான். அப்புறம் கடிகாரம். அப்புறம் பக்கத்து ஆளிடம் ஒரு பெருமூச்சு. சோலோ தொடங்கிய அரை நிமிடத்தில் இது மூன்றும் நடக்கும், அதற்கப்புறம் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். கடைசி இருபது விநாடிக்குத் திரும்பி வந்து கைதட்டுவார்கள். திரும்பிய மனிதர் நிறைந்த அரங்கத்தைப் பார்ப்பார்.

"எப்படி இருந்துச்சு?" என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்பார்.

"ஒருத்தர் அசையணுமே! அப்படியே உக்காந்திருந்தாங்க" என்பேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முப்பத்தைந்து வருஷம். கல்யாணமான புதிதில் பாசத்தில் சொன்ன பொய். பிறகு பழக்கத்தில் சொன்னது. பிறகு மாற்றிச் சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன். அவருக்கோ அந்த நாலு நிமிடம்தான் உயிர். லிஃப்ட் வேலை வயிற்றுக்கு, இது தனக்கு என்று வாயைத் திறந்தே சொல்வார்.

என் பொய்யைக் கவிழ்த்தவள் பாடுகிறவரின் மருமகள். செருப்பு கம்பெனி ஒன்றில் வேலை. செருப்பை இணையத்தில் விற்பது. யார் எந்தச் செருப்பை எத்தனை விநாடி பார்த்தார்கள், எந்த விநாடியில் மனசு மாறியது என்பதெல்லாம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவள்தான் பழைய கேசட்டைச் சுத்தம் செய்து 'எட்டாம் மாடி'யை இணையத்தில் ஏற்றினாள்.

ஒரு மாதம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் யாரோ ஒரு பெண் தன் பூனை அலமாரிமேல் ஏறுவதைப் படமெடுத்து, பாட்டின் முதல் இருபது விநாடியை அதற்குப் பின்னால் ஓடவிட்டிருக்கிறாள். அந்தப் பூனையைப் பார்த்து இன்னொரு பூனை. பூனையைப் பார்த்து நாய். நாயைப் பார்த்து, மாடிப்படியில் அலமாரி தூக்குகிற இரண்டு ஆண்பிள்ளைகள். எதை மேலே ஏற்றினாலும் 'எட்டாம் மாடி' என்றாகிவிட்டது. இரண்டே வாரத்தில் ஐம்பதாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். பேரன் பேத்தி வயசுப் பிள்ளைகள் "இந்தக் குழு இன்னும் உயிரோட இருக்கா?" என்று எழுதியிருந்தார்கள். பெயிண்ட் கடைக்காரர் அதைத் தினமும் மூன்று வேளை படித்தார். "நாம உயிரோட இருக்கோமான்னு நம்ம வீட்டுல யாராவது இப்படி ஆசையாக் கேட்டிருக்காங்களா?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் எல்லோரையும் குடும்பத்தோடு வரச் சொன்னாள். சின்னங்கள் காட்டுகிற திரையில் ஒரு படம் போட்டாள். இடமிருந்து வலமாக ஒரு கோடு.

"மாமா, இதுதான் நம்ம பாட்டை ஜனங்க எவ்வளவு நேரம் கேக்குறாங்கங்கறது. கோடு மேல இருந்தா கேக்குறாங்க, கீழ வந்தா போயிட்டாங்க."

கோடு மேலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தது. பரவாயில்லை, கௌரவமான இறக்கம். சரியாக மூன்று நிமிடம் பத்து விநாடியில் கோடு கீழே விழுந்தது. இறங்கவில்லை, விழுந்தது. லிஃப்ட் கம்பி அறுந்தால் அப்படித்தான் விழும் என்று என் வீட்டுக்காரருக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

பாடுகிறவர் ஒரு முறை கனைத்தார். "அந்த நேரத்துல நெட்டு போயிருக்கும்" என்றார்.

"ஐம்பதாயிரம் பேருக்குமா?" என்றார் டிரம்ஸ்காரர். இவரை யார் கேட்டது!

அப்போது மௌனசாமி வாயைத் திறந்தார். அந்த வருஷத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். "மேடையிலயும் அப்படித்தானே. தண்ணி குடிக்கப் போயிருப்பாங்க."

பேசாமல் இருக்கிறவர்கள் பேசாமலே இருப்பதுதான் உலகத்துக்கு நல்லது. என் வீட்டுக்காரர் திரையிலிருந்து கண்ணை எடுத்து மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் 'முந்தாதே' சின்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லிஃப்ட் மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. சோலோவை எடுத்துட்டு, மிச்சத்தையும் சுருக்கி ரெண்டு நிமிஷப் பாட்டாப் போட்டா இதைவிடப் பத்து மடங்கு பேர் வருவாங்க" என்றாள் மருமகள். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்?

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மேடையில எல்லாரும் எழுந்து போவாங்களா?" என்றார்.

"எல்லாரும்னு சொல்ல முடியாது."

"முப்பத்தஞ்சு வருஷமாவா?"

"கடைசியில திரும்பி வந்துருவாங்க இல்ல."

"நீ? நீ எழுந்து போயிருக்கியா?"

இதற்காவது பொய் சொல்லியிருக்கலாம். பொய் தீர்ந்துபோயிருந்தது. "ரெண்டு தடவை. ஒரு தடவை பாப்பா அழுதா. இன்னொரு தடவை..." அதற்குக் காரணம் எதுவும் இல்லை. சும்மாதான் போனேன். வெளியே நின்று காற்று வாங்கினேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அந்த மனிதரோ கிட்டாரை உறையில் போட்டு, பீரோவுக்கு மேலே, பழைய பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினார். பாடுகிறவருக்குப் போன் செய்து, "நான் இல்லாமலே ரெண்டு நிமிஷப் பாட்டைப் போட்டுக்கோங்க. ஞாயித்துக்கிழமை இனிமே எனக்கு வேலை இருக்கு" என்றார்.

என்ன வேலை? வீட்டில் இருந்த எல்லாக் கீல்களுக்கும் எண்ணெய் விட்டார். கதவு, ஜன்னல், பீரோ, கத்தரிக்கோல். என் தையல் மெஷினைப் பிரித்துக் கோத்ததில் அது பின்பக்கமாகத் தைத்தது. ஐந்து ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. 'இந்த நொய்நொய் எப்போ நிக்கும்' என்று முப்பத்தைந்து வருஷமாகப் புலம்பியவள் நான்தான். நின்ற பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சமையலறையில் பாத்திரத்தை வேண்டுமென்றே தட்டிவைத்துப் பார்த்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் இனி வாசிக்கவே மாட்டாரோ என்று பயந்துபோனேன். அதற்குக் காரணம் அந்தக் கோடு இல்லை, நான்தான். கோடு ஐம்பதாயிரம் பேரைப் பற்றித்தான் சொன்னது.

இதற்கிடையில் மருமகள் நீளப் பாட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு நிமிடப் பாட்டைப் போட்டாள். சொன்னபடியே கூட்டம் வந்தது. பூனைகள் பெருகின. ஒரு கல்லூரியிலிருந்து மேடைக்குக்கூடக் கூப்பிட்டார்கள். ஆறாவது ஞாயிறு காலை அவளே வீட்டுக்கு வந்தாள். கையில் போன். வழக்கமான துடுக்கு முகத்தில் இல்லை.

"அத்தை, ஒருத்தங்க தினமும் திட்டி எழுதுறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களே படிச்சுப் பாருங்க."

சத்தமாகப் படித்தேன். 'பழைய பாட்டை எடுத்தது யார்? எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்போது ஏறி உட்கார்ந்ததுமே மிதிக்காமல் இறங்கப் பார்க்கிறார்கள். கேட்டால் பாட்டே முடிந்துவிட்டது என்கிறார்கள். தயவுசெய்து அந்தக் கிட்டாரைத் திருப்பிப் போடவும்.' கீழே ஒரு மூட்டு ஆஸ்பத்திரியின் பெயரும், 'பிசியோதெரபி பிரிவு, காலை பத்து மணி' என்றும் இருந்தது.

"பழைய கோட்டையும் மறுபடி பாத்தேன்," என்றாள் மருமகள், கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவருக்குக் கேட்கும்படி. "விழுந்த பிறகு கோடு சைபருக்குப் போகல, மாமா. கொஞ்சம் பேர் கடைசி வரைக்கும் இருந்திருக்காங்க. நான்தான் சரியாப் பாக்கல."

எண்ணெய்க் கிண்ணத்தை அவர் கீழே வைத்தார். "மிதிக்கிறாங்கன்னா எதை மிதிக்கிறாங்க?" என்றார்.

மறுநாள் காலை போனோம். என்னவோ ரசிகர் மன்றத்துக்குப் போவதுபோல் இஸ்திரி போட்ட சட்டை. கிட்டாரை எடுக்க மாட்டேன் என்றார். நான் எடுத்துக்கொண்டேன். "கனமா இருக்குமே" என்றாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

நீளமான அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, ஆட்கள் தங்கள் நடையைத் தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்வதற்கு. அதன் முன்னால் வரிசையாக ஏழு உடற்பயிற்சி சைக்கிள்கள். முழங்கால் மூட்டு மாற்றியவர்களைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிசியோதெரபி அம்மாவுக்கு நாற்பது வயசிருக்கும், குரலில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் இருந்தார்.

"அந்தக் கிட்டார் நீங்கதானா? உக்காருங்க, சொல்றேன்" என்றார். "ஆபரேஷன் முடிஞ்சவங்க நாலு நிமிஷம் மிதிக்கணும். கடிகாரம் வச்சா கடிகாரத்தையே பாத்துட்டு ஒரு நிமிஷத்துல அழறாங்க. உங்க பாட்டு எங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. முதல்ல ஒருத்தர் பாடுறாரே, அது இவங்களை ஏத்தி உக்கார வைக்கிற நேரம். சரியா மூணு நிமிஷம் பத்து விநாடி. அப்புறம் உங்க கிட்டார், நாலு நிமிஷம். கடைசியில அவர் மறுபடி பாடுறது இறக்கி விடுறதுக்கு."

பாடுகிறவர் இதைக் கேட்க அங்கே இல்லையே என்று எனக்கு இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் முகம் தொங்கிவிட்டது.

"அப்ப யாரும் பாட்டாக் கேக்கல. நேரம் பாக்குறதுக்கு வச்சிருக்கீங்க" என்றார்.

"வேற எதுக்கு?" என்றார் அந்த அம்மா, கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

அவர் எழுந்துவிட்டார். கிட்டாரை நான் தூக்குவதற்குள் அவரே தூக்கினார். முதல் சைக்கிளில் இருந்த கனத்த மனிதர் ஒருவர் அப்போது சத்தமாகக் கேட்டார், "நடுவுல ஒரு கீச்சு வருமே, அது நீங்க பண்றதா?"

"எந்தக் கீச்சு?"

"உயிரை எடுக்கிற கீச்சுங்க. மேல மேல போயி, இதுக்கு மேல இல்லன்னு நினைக்கிறப்ப இன்னொரு படி போகுமே. அதுல எனக்கு முழங்கால் தெறிச்சிரும். அதைத் தாண்டிட்டா பாதி முடிஞ்சது."

"பாதி இல்ல, பாதிக்கு முன்னாடி" என்றார் அடுத்த சைக்கிளில் இருந்தவர். "கீச்சுக்கு அப்புறம் மூணு தடவை ஒரே மாதிரி இறங்கும். மூணாவதுல மட்டும் ஒரு சின்ன இழுப்பு. அதுதான் பாதி."

"இழுப்பு ரெண்டாவதுலயும் இருக்கு" என்றார் ஒரு அம்மாள். ஒல்லியான உடம்பு, வெள்ளை முடி, சைக்கிளின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். "கவனிச்சுக் கேளுங்க. மெல்லிசா இருக்கும்."

என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். இரண்டாவதில் இழுப்பு இருக்கிறது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ரெக்கார்டிங் அன்று ஒரு நாள் முழுக்க அந்த இழுப்புக்காகப் போராடினார். குழுவில் மற்ற மூன்று பேருக்கும் அது தெரியாது. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. இங்கே ஏழு பேர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த நாலு நிமிடத்தையும் சந்து பொந்து விடாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். கேட்டுக்கொண்டே மிதித்தால் வேறு எங்கே போவது? ஒவ்வொரு சுரத்தின் மேலும் ஏறி இறங்கியாக வேண்டும்.

உறையைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த பேச்சு மைக்கின் பெட்டியில் வயரைச் சொருகினார். ஒரு மெக்கானிக்குக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

பாடுகிற பகுதி இல்லை, எல்லோரும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. நேராகச் சோலோ. பழக்க தோஷம், கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். எதிரே கண்ணாடிச் சுவர். தன் முகமும், தன் தோளுக்குப் பின்னால் ஏழு பேர் முகமும் வரிசையாக அதில் தெரிந்தன. விரல் ஒரு கணம் தடுமாறியது. பிறகு வாசித்தார்.

ஒருவர்கூட எழுந்து போகவில்லை. எழுந்து போகிற நிலைமையில் யாரும் இல்லை என்பது வேறு விஷயம். கீச்சு வந்தபோது கனத்த மனிதர் "ஐயோ" என்றார். மூன்று இறக்கத்தில் இரண்டாவது வந்ததும் அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா?" என்பதுபோல் தலையாட்டினார். கண்ணாடியில் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, வாழ்க்கையில் முதல் முறையாக, முதுகைக் காட்டுவதை நிறுத்திவிட்டு அவர்கள் பக்கம் திரும்பி வாசித்தார்.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. கைப்பிடியை விட்டால் விழுந்துவிடுவார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிசியோதெரபி அம்மா ஒவ்வொருவர் மருத்துவச் சீட்டிலும் ஏதோ குறித்துக்கொண்டே போனார்.

இறக்கிவிட ஆள் வந்தபோது அந்த ஒல்லி அம்மாள் இறங்கவில்லை. "தம்பி" என்று கூப்பிட்டார். அறுபத்தொரு வயசு மனிதரைத் தம்பி என்று கூப்பிடுகிற உரிமை அவருக்கு இருந்தது.

"சொல்லுங்கம்மா."

"நாளையிலேருந்து எனக்கு அஞ்சு நிமிஷம்னு எழுதிட்டாங்க. இது நாலுதானே இருக்கு. இன்னும் ஒரு நிமிஷம் சேர்த்து வாசிச்சுத் தர முடியுமா?"

எல்லாரும் அவரிடம் குறைக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாடுகிறவர் சொன்னார், அந்தக் காலத்தில் கேசட் வெளியிட்ட கம்பெனிக்காரர் சொன்னார், மருமகள் சொன்னாள், நான் வாயால் சொல்லாமல் வெளியே போய் நின்று சொன்னேன். உறைக்குள் வைக்கப்போன கிட்டாரை என் வீட்டுக்காரர் மறுபடி தோளில் மாட்டினார்.

"எந்த இடத்துல சேர்க்கட்டும்மா?"

அந்த அம்மாள் யோசிக்கவேயில்லை. "ரெண்டாவது இழுப்புக்கு அப்புறம். அங்க நீங்க இன்னும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திட்ட மாதிரியே எனக்கு இருக்கும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த இன்னொரு நிமிடத்தைத் தேடத் தொடங்கினார். நான் பக்கத்தில் உறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த அம்மாள் மேல் பொறாமையாக இருந்தது. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.